‘எல்லாம் நல்லது’ என்று எழுந்துவிடலாமா?

புத்தளத்திலிருந்து கற்பிட்டிக்குப் பிரயாணஞ் செய்வோர் பாலாவிச் சந்தியிலே திரும்பி, நுரைச்சோலையையும் தலவிலையையும் கடந்து செல்வர். ஒருபுறம் பெருங்கடல், மறுபுறம் புத்தளக் களப்பு. பசித்து வருவோருக்குச் சோறும் மீன்குழம்பும் தேநீரும் அளிக்கும் சிறு கடைகள் அவ்வழியிலே பல உள்ளன. அவற்றுள் ஒன்றிலே, ஒருநாள் மதிய வேளையில் நாம் அமர்ந்தோம்.

சோறும் பருப்பும் சம்பலும் சூரைமீன் குழம்பும் வந்தன. மீனை வாயிலிட்டதும் நாவிலே மிளகு பட்டாற்போலச் சுரீர் என்றது. அது மிளகாயின் காரமன்று. இரண்டு துண்டுகளை உண்டு, எஞ்சியதை ஓரத்தில் ஒதுக்கினோம். பரிமாறிய பையன் வந்து, “சாப்பாடு எப்படி ஐயா?” என்று கேட்டான். “எல்லாம் நல்லது, தம்பி” என்றோம். காசைக் கொடுத்துவிட்டு எழுந்தோம். அடுத்த மேசையிலே ஒரு தாய் தன் குழந்தைகள் இருவருக்கும் அதே மீனை முள் நீக்கி ஊட்டிக்கொண்டிருந்தாள்.

கற்பிட்டியை அடைவதற்குள் எமது முகம் சிவந்து எரிந்தது, தலை இடித்தது. சில மணி நேரத்தில் அது தணிந்தது. அந்தத் தாயின் நினைவு மட்டும் தணியவில்லை. மாலையில் திரும்பும்பொழுது அதே கடையில் இறங்கி, “நானா, மத்தியானம் மீனிலே ஏதோ பிழை இருந்தது” என்று முதலாளியிடம் நடந்ததைக் கூறினோம். அவர் சினங் கொள்ளவில்லை. “ஒரு வாய் வைத்ததும் சொல்லியிருந்தால் சட்டியையே இறக்கி வைத்திருப்பேனே, ஐயா! உங்களுக்குப் பிறகு எத்தனை பேர் சாப்பிட்டுப் போனார்கள்!” என்றார். அச்சொல் எம்மைத் தைத்தது. நாம் சொன்ன பொய் சிறிது. அதனால் விளையக்கூடிய தீங்கு சிறிதன்று.

மருத்துவர் ஒருவர் இதன் காரணத்தைப் பின்னர் எமக்கு விளக்கினார். சூரை, சாளை போன்ற மீன்கள் பிடிபட்டபின் போதிய பனிக்கட்டியின்றிக் கிடந்தால், அவற்றின் தசையிலே பற்றீரியாக்கள் ஹிஸ்டமின் என்னும் பொருளை உண்டாக்குகின்றன. உண்டானபின் எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது அழிவதில்லை. மீனின் மணமும் நிறமும் மாறாதிருத்தலும் உண்டு. ஆதலால், சமைத்தவர் அறியாத குற்றத்தைச் சில வேளைகளில் உண்பவரின் நாவே முதலில் அறிகின்றது. அந்த நா பேசாதிருந்தால் வேறு யார் பேசுவர்? (இத்தகைய உணவின்பின் மூச்சுத்திணறல் கண்டால் தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.)

மௌனத்தின் விலை

நாம் ஏன் பேசாதிருக்கின்றோம்? விருந்துக்குச் சென்ற வீட்டிலே உணவைக் குறைகூறுதல் பண்பன்று என்று சிறுபிராயம் முதல் பழகியிருக்கின்றோம். நல்ல பழக்கமே. ஆனால், அதைக் கடைக்கும் கொண்டு செல்கின்றோம். பையனுக்கு ஏச்சு விழுமோ என்ற இரக்கம் ஒன்று. சொல்லித்தான் என்ன பயன் என்ற அலுப்பு மற்றொன்று. எனவே, அங்கே வாய் திறவாது, வீட்டுக்கு வந்து அயலவர் பத்துப் பேரிடம் சொல்லுகின்றோம். கேட்க வேண்டிய ஒருவரைத் தவிர ஏனையோர் யாவரும் கேட்டுவிடுகின்றனர்.

அல்பேர்ட் ஹிர்ஷ்மன் என்னும் பொருளியலறிஞர் 1970ஆம் ஆண்டு வெளியிட்ட நூலொன்றிலே இதனை ஆராய்ந்தார். ஒரு நிறுவனம் தரங் குன்றும்போது, அதை நாடி வருவோர் அக்குறையை இரண்டு வழிகளில் உணர்த்தலாம் என்றார் அவர். ஒன்று, விலகிச் செல்லுதல். மற்றொன்று, குரல் கொடுத்தல். விலகிச் செல்பவர் ஏன் விலகினார் என்பதை முதலாளி அறியார். மேசை வெறுமையாவதை மட்டுமே காண்பார். குரல் கொடுப்பவரோ திருந்துவதற்கு வழிகாட்டுகின்றார்.

கற்பிட்டிக் கரையிலே இக்கருத்து இன்னும் பொருந்தும். மே முதல் ஒக்டோபர் வரை, பெரும் பட்டங்களின் துணையால் நீர்மேற் சறுக்கி விளையாட வெளிநாட்டார் வருகின்றனர். நவம்பர் முதல் ஏப்பிரல் வரை டொல்பின்களைக் காண்போர் வருகின்றனர். தலவில புனித அன்னம்மாள் ஆலயத் திருவிழாக்களுக்கு யாத்திரிகர் திரள்கின்றனர். இவர்களுட் பலர் ஒருமுறை உண்டு போய்விடுவோர். நாள்தோறும் வருகின்ற மீனவரும் லொறிச் சாரதிகளும் ஆசிரியர்களுமோ தாட்சண்யத்தால் வாய் திறவார். இந்நிலையிலே கடைக்காரர் உண்மையை எங்ஙனம் அறிவது?

சொல்லும் முறை

முதலாவது, காலம். உண்டு முடித்துக் கை கழுவியபின் சொல்வதைக் காட்டிலும், முதற் கவளத்திலேயே சொல்வது மேல். அப்பொழுது மாற்றித் தரவும், மற்றவர்களைக் காக்கவும் இயலும்.

இரண்டாவது, தெளிவு. “சாப்பாடு சரியில்லை” என்பது வசை. “பகல் ஒரு மணிக்கு வந்த சோறு ஆறியிருந்தது” என்பது செய்தி. செய்தியைக் கொண்டு குறையைத் திருத்தலாம். வசையைக் கொண்டு வருந்தத்தான் முடியும். எமது நாவின் விருப்பத்தையும் உணவின் குற்றத்தையும் பிரித்தறிந்து கூறுதலும் அவசியம். காரம் மிகுதி என்பது விருப்பம். மீன் பழையது என்பது குற்றம்.

மூன்றாவது, ஆள். திருத்தக்கூடியவரிடமே சொல்லுக. பரிமாறும் பையன் குழம்பு வைத்தவனல்லன். பலர் முன்னிலையில் அவனை ஏசினால், அன்றைய சம்பளத்தையோ வேலையையோ அவன் இழக்கக்கூடும். முதலாளியிடம் தனியே, தாழ்ந்த குரலிற் கூறினால் போதும்.

நான்காவது, பாராட்டு. “இடியப்பத்துக்கு வைத்த சொதி மிக நன்று” என்று பெயர் குறித்துச் சொல்லுங்கள். எதை மாற்றக் கூடாது என்பதும் கடைக்காரர் அறிய வேண்டியதே.

இன்று கைத்தொலைபேசியிலே நட்சத்திரங்களை இட்டு அபிப்பிராயம் எழுதும் வழக்கம் பரவியுள்ளது. தூரதேசத்தார் அதைப் பார்த்தே விடுதிகளைத் தெரிகின்றனர். அங்கே ஒரு கடுஞ்சொல் நெடுங்காலம் நிற்கும். ஆகவே, முதலில் நேரிற் சொல்லி, திருந்துவதற்கு இடங்கொடுத்து, அதன்பின் எழுதுவதே நீதி.

கேட்கும் முறை

“எப்படி?” என்று கேட்டால் “நல்லது” என்ற விடையே வரும். “மீனிலே உப்பு அளவா?” என்று கேட்டால் உண்மை வரும். தட்டுகளைக் கவனிப்பதும் ஒரு கேள்வியே. ஒரே கறி பல தட்டுகளில் மீந்து வருமாயின், வாய் சொல்லாததைத் தட்டு சொல்லுகின்றது.

ஒரு சிறு கொப்பியிலே திகதி, பதார்த்தம், சொல்லப்பட்ட குறை ஆகியவற்றைக் குறித்து, வார இறுதியிற் படிக்கலாம். ஒருமுறை வந்த குறை ஒருவரின் விருப்பமாக இருத்தல் கூடும்; மும்முறை வந்தது சமையலறையின் பிழை. அபிப்பிராயப் பத்திரம் வைப்பவர்கள் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட்டு, காசு வாங்குமிடத்துக்கு அப்பால் ஒரு பெட்டி வைத்தல் நன்று. முதலாளியின் கண்முன்னே யாரும் உண்மையை எழுதார். எழுதத் தெரியாதவரிடம் வாயாற் கேட்பதே வழி. கேட்டதைத் திருத்தியபின், சொன்னவரிடம் “திருத்திவிட்டோம்” என்று அறிவித்தலும் வேண்டும். அவ்வாறு அறிந்தவர் மறுமுறையும் சொல்லுவார்.

ஒரு காலத்திலே இக்கரையை ஆண்ட போர்த்துக்கேயரின் நாட்டிலே, 2006ஆம் ஆண்டு முதல் உணவகங்கள் மாத்திரமன்றி வேறு பல வியாபார நிலையங்களும் முறைப்பாட்டுப் புத்தகம் வைத்திருத்தல் சட்டக் கடமையாயிற்று. அதிலே எழுதியதன் மூலப் பிரதி அதிகாரிகளுக்குச் செல்லும். ஒரு பிரதி எழுதியவருக்குக் கிடைக்கும். ஒன்று புத்தகத்திலேயே இருக்கும். எமது நாட்டிலும் முறையிடுவதற்கு இடம் உண்டு. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்திலே அறிவிக்கலாம். சுத்தக் குறைவைப் பிரதேசப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கூறலாம். ஆயினும், இவை சொல்லியும் கேளாதவர்களுக்கே. சொன்னால் கேட்பவரிடம் நேரே சொல்வதே முதல் வழி.

சில மாதங்களின் பின் அதே கடைக்கு மறுபடியும் சென்றோம். பனிக்கட்டி நிறைந்த புதிய பெட்டியொன்று பின்கட்டிலே இருந்தது. முதற் கவளம் உண்டதும் பையன் அருகில் வந்து, “ஐயா, மீன் சரியா?” என்று கேட்டான். “மீன் மிக நன்று, தம்பி. சம்பலிலே உப்புச் சற்றுக் கூடிவிட்டது” என்றோம். அவன் முகஞ் சுளிக்கவில்லை. சம்பற் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே விரைந்தான்.