கேமரன் மலையைக் கண்டுபிடித்தவர் யார்?

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் ஈப்போவிலிருந்து பல குடும்பங்கள் கேமரன் மலைக்குப் புறப்பட்டுவிடும். அங்குள்ள குளிர், தேயிலை, ஸ்ட்ராபெரி எல்லாம் நமக்கு நன்றாகத் தெரியும். ஆனால் கேமரன் யார் என்று கேட்டால், "அந்த மலையைக் கண்டுபிடித்த வெள்ளைக்காரர்" என்பதோடு பதில் முடிந்துவிடும். இது பாதி உண்மைதான்.

1874-ஆம் ஆண்டு பங்கோர் ஒப்பந்தத்திற்குப் பிறகு பிரிட்டிஷாரின் ஆதிக்கம் பேராக்கில் வேரூன்றியது. ஆறுகள் எங்கே தோன்றுகின்றன, ஈயம் எங்கே கிடைக்கும், மாநில எல்லை எது என்பதையெல்லாம் அவர்கள் அறிய வேண்டியிருந்தது. ஐரோப்பிய ஆய்வாளர்கள் காட்டுக்குள் நுழைந்த காலம் அது. 1884-இல் ஜாக் டி மோர்கன் என்ற பிரெஞ்சு சுரங்கப் பொறியாளர் பேராக்கிற்கு வந்து கிந்தா பகுதியை ஆராய்ந்தார். நாம் வரலாற்றுப் பாடத்தில் படித்த ஹம்முராபி சட்டக் கல்வெட்டை 1901-02-இல் ஈரானில் கண்டெடுத்தது இவர் தலைமையிலான குழுதான்.

அடுத்த ஆண்டு, அதாவது 1885-இல், வில்லியம் கேமரன் பேராக்-பகாங் எல்லைப் பகுதியை அளந்து வரைபடமாக்கப் புறப்பட்டார். அவருடைய குழு யானைகளோடு கிளம்பிய இடம், இன்று ஈப்போவிலிருந்து சிறிது நேரத்தில் போய்விடக்கூடிய தஞ்சோங் ரம்புத்தான். வழிகாட்டியாகச் சென்றவர் குலோப் ரியாவ். உலு கிந்தா காடுகளைக் கடந்து, உயர்ந்த மலைகளுக்கு நடுவே ஒரு சமவெளியைக் கண்டதாகக் கேமரன் அறிக்கை அனுப்பினார். ஆனால் அந்த இடத்தை வரைபடத்தில் குறித்து வைக்கவில்லை. 1886-இல் அவர் இறந்தும் போனார். அங்கு ஒரு மலைவாசத் தலம் அமைக்கும் திட்டம் சூடுபிடித்தது, 1925-இல் ஜார்ஜ் மேக்ஸ்வெல் அங்குச் சென்று வந்த பிறகுதான்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் காடு யாருக்கும் தெரியாத காடு அல்ல. செமாய், தெமியார் பூர்வகுடி மக்கள் பல தலைமுறைகளாக அந்த மலைகளில் வாழ்ந்து வந்தார்கள். அங்குள்ள ஆறுகளும் பாதைகளும் அவர்களுக்கு அத்துப்படி. கேமரன் செய்தது, அந்த இடத்தைப் பற்றிய செய்தியை அரசாங்க ஏட்டில் சேர்த்தது. அது சிறிய வேலை அல்ல. ஆனாலும் 'கண்டுபிடித்தார்' என்ற சொல், அங்கு ஏற்கெனவே இருந்தவர்களை மறைத்துவிடுகிறது.

உலகம் முழுவதும் இதே கதைதான். 1497-இல் ஜான் காபட் வட அமெரிக்காவின் கிழக்குக் கரையை அடைந்தார். அங்கும் அவருக்கு முன்பே மக்கள் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். இருந்தும் பாடநூல்களில் நிற்பது காபட்டின் பெயர்தான்.

இந்தக் கதையில் நமக்கும் பங்கு உண்டு. 1926-இல் தொடங்கிய தாப்பா-தானா ராத்தா சாலைப் பணி 1931-இல் முடிந்தது. 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். கொழுந்து கிள்ளிய கைகள் பெரும்பாலும் தமிழர் கைகள். அந்த மலையின் எந்த ஊரும் அவர்கள் பெயரைத் தாங்கவில்லை.

கீழே ரப்பர் தோட்டங்களிலும் இதே நிலைதான். அரசாங்க ஏட்டில் தோட்டத்திற்கு ஓர் ஆங்கிலப் பெயர் இருக்கும். நம் தாத்தா பாட்டிகள் அதே தோட்டத்தைத் தமிழில் வேறொரு பெயரால் அழைத்தார்கள். இன்று பல தோட்டங்கள் செம்பனைக் காடாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டன. ஆங்கிலப் பெயர் பழைய ஆவணங்களில் பிழைத்திருக்கும். தமிழ்ப் பெயரோ, அதைச் சொன்னவர்கள் மறையும்போது அவர்களோடு போய்விடும்.

மாணவ நண்பர்களே, வரைபடம் வரைய யானை வேண்டாம், கைப்பேசி போதும். அடுத்த விடுமுறையில் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள்: தோட்டத்தை எப்படி அழைத்தீர்கள்? ஆற்றுக்கும் மேட்டுக்கும் என்ன பெயர்? கோயில் எங்கே இருந்தது? அவர்கள் சொல்வதைப் பதிவு செய்து, இடத்தையும் குறித்து வையுங்கள். குறிக்கப்படாத இடம் எப்படித் தொலைந்துபோகும் என்பதற்கு, கேமரன் விட்டுப்போன வரைபடமே சாட்சி.