உப்பாய்ப் பிறந்து உப்பாய் முடியும் கல்

ஒட்சைட்டு, மூலம், அமிலம், உப்பு என்று பாடநூலில் நான்கு தலைப்புகள் தனித்தனியே கிடக்கும். மனனம் செய்து பரீட்சை எழுதியதும் மறந்துபோகும். இலங்கையின் மாத்தளையில் வெட்டியெடுக்கும் டொலமைட் கல் ஒன்றைக் கையில் கொடுத்துப் பாடத்தைத் தொடங்கியிருக்கலாம் என்பது என் கட்சி. அமிலம் ஒன்றைத்தான் வெளியிலிருந்து கொண்டுவர வேண்டும்.

டொலமைட் ஓர் உப்பு. கல்சியம், மகனீசியம் இரண்டின் காபனேற்றுகளும் அதில் சேர்ந்திருக்கின்றன. சாதாரணச் சுண்ணாம்புக் கல்லில் ஐதான ஐதரோகுளோரிக் அமிலம் ஒரு துளி விழுந்தால் உடனே நுரைத்துப் பொங்கும். டொலமைட் கட்டியோ குளிர்ந்த அமிலத்துக்கு அவ்வளவாக அசையாது, பொடித்துவிட்டால்தான் குமிழியிடும். புவியியலாளர் இரண்டையும் இப்படித்தான் களத்தில் பிரித்தறிகிறார்கள்.

சூளையில் இட்டால் உப்பு உடைந்து ஒட்சைட்டுகள் ஆகிறது. 184 கிலோ தூய டொலமைட்டிலிருந்து 88 கிலோ காபனீரொட்சைட்டு புகைபோக்கி வழியே போய்விடும். மிஞ்சுவது 96 கிலோ. போனது அமில ஒட்சைட்டு, மிஞ்சியது மூல ஒட்சைட்டு.

மிஞ்சியதில் நீர் ஊற்றினால் கல்சியம் ஒட்சைட்டு சீறிக் கொதித்து நீறி, ஐதரொட்சைட்டு என்னும் மூலமாகிறது. மகனீசியம் ஒட்சைட்டு சோம்பேறி. சூடு கூடிப்போன சூளையில் வெந்ததென்றால் கேட்கவே வேண்டாம். அது நீறுமுன் சுவரில் பூசிவிட்டால், பிறகு சுவருக்குள்ளேயே மெல்ல நீறி, உப்பி, பூச்சைப் பெயர்த்துவிடும். சீமெந்திலும் இதே வில்லங்கம் உண்டு. அதனால்தான் இலங்கையின் சீமெந்துக்கல் மகனீசியம் மிகுந்த கல் கிடக்கும் மலைநாட்டிலிருந்து அல்லாமல் புத்தளம், காங்கேசன்துறைப் பக்கத்துச் சுண்ணாம்புப் பாறைகளிலிருந்து எடுக்கப்பட்டது.

நன்றாக நீறிய சுண்ணாம்பு சுவரில் காய்கையில், சூளையில் இழந்த காபனீரொட்சைட்டைக் காற்றிலிருந்து திரும்ப வாங்கிக்கொண்டு மறுபடி காபனேற்றாகிறது. சீகிரியாவும் மாத்தளை மாவட்டம்தானே. அங்கே 5ஆம் நூற்றாண்டில் மன்னன் காசியப்பன் கட்டிய கண்ணாடிச் சுவரின் சுண்ணாம்புப் பூச்சு, பின்வந்தோர் கவிதை கிறுக்கும் அளவுக்கு உறுதியாக நின்றது. அவற்றில் 685 பாடல்களைத் தொல்லியலாளர் பரணவிதான 1956இல் பதிப்பித்தார்.

இன்று டொலமைட் பெரும்பாலும் சுடாமலே பொடியாகத் தேயிலை போன்ற தோட்டங்களுக்குப் போகிறது. அமோனியம் சல்பேற்று போட்டுப்போட்டு மண்ணின் அமிலம் ஏறும்போது, கவ்வாத்து வெட்டும் காலத்தில் இந்தப் பொடியைத் தூவுவார்கள். காபனேற்று அமிலத்தை அடக்கும். மகனீசியம் செடிக்கு உணவாகும். ஆனால் தேயிலைக்குக் கொஞ்சம் புளித்த மண்தான் பிடிக்கும். பீஎச் 4.5 முதல் 5.5 வரை போதும், கைதாராளம் கூடாது. சுண்ணாம்பையும் அமோனியம் சல்பேற்றையும் ஒன்றாகக் கலந்து தூவுவதும் நட்டம். மூலமும் அமோனியம் உப்பும் சேர்ந்ததும் மூக்கைத் துளைக்கும் அமோனியா கிளம்பி, காசு கொடுத்து வாங்கிய நைதரசன் காற்றோடு போய்விடும்.