டைலன் கையெழுத்து போட்ட மவுத் ஆர்கன்: ஊதுவதா, பூட்டி வைப்பதா? பெரும்பாக்கம் வீட்டில் தாத்தா-பேரன் வழக்கு

பெரும்பாக்கம்,-

பிரபல பாடகரின் கையெழுத்து போட்ட ஒரு மவுத் ஆர்கனால் பெரும்பாக்கத்தில் ஒரு வீட்டில் தாத்தாவுக்கும் பேரனுக்கும் தகராறு ஏற்பட்டது. ஒரு பூதக்கண்ணாடிதான் அதைத் தீர்த்து வைத்தது.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

தாத்தா, ரிட்டயர் ஆன குமாஸ்தா. 1975-ம் ஆண்டு "ஷோலே" இந்திப் படம் வந்தபோது அவர் 20 வயது வாலிபர். அதில் அமிதாப்பச்சன் மாலை நேரத்தில் மவுத் ஆர்கன் வாசிப்பாரே, அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு முதல் மாதச் சம்பளத்தில் ஒன்று வாங்கினார். மெரீனாவில் உட்கார்ந்து வாசித்தே கற்றுக்கொண்டார்.

கல்யாணம் ஆன வருடம் அதன் ரீடு உடைந்தது. குடும்பச் செலவில் அவர் வேறு வாங்கவே இல்லை.

அமெரிக்கப் பார்சல்

அமெரிக்காவில் வேலை பார்க்கும் மகன், அப்பாவின் 70-வது பிறந்த நாளுக்கு ஒரு பார்சல் அனுப்பினார். உள்ளே பாப் டைலன் கையெழுத்துடன் கூடிய "ஹோனர்" மவுத் ஆர்கன்.

பார்சல் வந்த அன்று ராத்திரியே போனும் வந்தது.

"அப்பா, பெட்டியைப் பிரிச்சிடாதீங்க. அப்படியே வச்சிருந்தா நாளைக்கு நல்ல விலைக்குப் போகும்!"

மவுத் ஆர்கன் நேராக பீரோவுக்குப் போயிற்று. மகள் வயிற்றுப் பேரன் விடவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தினமும் ஒரே பாட்டுதான்.

"தாத்தா, ஒரே ஒரு தடவை ஊதிட்டுத் தரேன்!"

"வாயில வச்சா அது செகண்ட் ஹேண்ட்டுடா. மாமா திட்டுவான்!"

எது காசு பெறும்?

ஹோனர் கம்பெனி 1857-ம் ஆண்டு ஜெர்மனியில் ட்ரோசிங்கன் என்ற ஊரில் தொடங்கப்பட்டது. தொடங்கிய மத்தியாஸ் ஹோனர் கடிகாரம் செய்பவர். இந்தக் கம்பெனியின் "மரைன் பேண்ட்" என்ற ரகம் 1896-ல் வந்தது. இன்றும் விற்பனையாகிறது.

பாப் டைலன் பெயரில் 2010-ம் ஆண்டு இந்தக் கம்பெனி மவுத் ஆர்கன் வெளியிட்டது. அதில் இரண்டு விதம் உண்டு.

ஒன்று, டைலனே பேனா பிடித்துக் கையெழுத்துப் போட்டது. எண்ணி எடுத்த அளவுதான் செய்தார்கள். ஆயிரக்கணக்கான டாலர் விலை. இன்னொன்று, கையெழுத்தை எந்திரத்தில் பொறித்தது. இது கடையில் யாரும் வாங்கலாம்.

2016-ல் டைலனுக்கு இலக்கிய நோபல் பரிசு கிடைத்தது. அதற்காக எந்திரக் கையெழுத்து பேனாக் கையெழுத்து ஆகிவிடாது!

பீட்டில்ஸ் குழுவின் ஜான் லெனன் பெயரிலும் ஹோனர் கம்பெனி மவுத் ஆர்கன் விற்கிறது. லெனன் 1980-ம் ஆண்டு டிசம்பர் 8-ந் தேதி நியூயார்க்கில் சுட்டுக்கொல்லப்பட்டார். இந்த மவுத் ஆர்கன் வந்ததோ அதற்குப் பல வருடம் கழித்து. அதில் உள்ள கையெழுத்து யார் போட்டது என்று கேட்கவே வேண்டாம். எந்திரம் போட்டதுதான்.

"கையெழுத்து இருக்கிறது" என்ற வார்த்தையை நம்பிப் பெரிய பணம் கொடுப்பவர்கள் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் போதும். பேனா மையில் ஒரு இடம் தடித்தும் ஒரு இடம் மெலிந்தும் இருக்கும். பொறித்தது என்றால், அதே ரகத்தில் எத்தனை எடுத்தாலும் ஒரு கோடு மாறாது.

பூட்டி வைத்தால்...

பீரோவில் வைத்தால் மவுத் ஆர்கன் புதுசாகவே இருக்கும் என்பதும் சரியல்ல.

சாதாரண மவுத் ஆர்கனில் 10 ஓட்டை. ஒவ்வொன்றிலும் ஊதினால் ஒரு சத்தம், உறிஞ்சினால் வேறு சத்தம். ஆக 20 ரீடுகள். எல்லாம் மெல்லிய பித்தளை நாக்குகள்.

பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டிய பெரும்பாக்கத்தில் காற்றில் ஈரம் அதிகம். கடலும் தூரம் இல்லை. இந்தக் காற்றில் பித்தளை கறுக்கும். உள்ளே மரக்கட்டை உள்ள ரகம் என்றால் ஈரத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும்.

வாசிப்பதிலும் தேய்மானம் உண்டு. மூச்சைப் பிடித்து பலமாக ஊதினால் ரீடு சுருதி விலகும், கடைசியில் உடையும். சாப்பிட்ட வாயோடு ஊதினால் உள்ளே துணுக்கு சேரும். வாய் கொப்பளித்துவிட்டு மெதுவாக ஊதி, முடிந்ததும் உள்ளங்கையில் தட்டி ஈரத்தை உதறி வைத்தால் பல வருடம் உழைக்கும்.

விண்வெளியில் கச்சேரி

வாசித்ததாலேயே மதிப்பு ஏறிய மவுத் ஆர்கனும் உண்டு!

1965-ம் ஆண்டு டிசம்பர் 16-ந் தேதி. அமெரிக்காவின் ஜெமினி 6 விண்கலத்தில் வால்டர் ஷிரா, தாமஸ் ஸ்டாபோர்டு என்ற இரண்டு வீரர்கள் பறந்துகொண்டிருந்தனர். ஷிரா யாருக்கும் தெரியாமல் எடுத்துப் போன ஒரு குட்டி மவுத் ஆர்கனை எடுத்து "ஜிங்கிள் பெல்ஸ்" வாசித்தார். ஸ்டாபோர்டு சிறு மணிகளைக் குலுக்கினார். பூமியில் இருந்தவர்கள் ரேடியோவில் கேட்டு அசந்து போனார்கள்.

அதுவும் ஹோனர் செய்ததுதான். "லிட்டில் லேடி" என்று பெயர். 4 ஓட்டை. விரல் நீளம்கூட இல்லை. யார் கையெழுத்தும் அதில் பொறிக்கவில்லை. இன்று அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் பொக்கிஷங்களில் அதுவும் ஒன்று. ஷிரா அதைச் சட்டைப் பையிலேயே பத்திரமாக வைத்திருந்தால் இன்று யார் தேடப் போகிறார்கள்?

தீர்ப்பு

பெரும்பாக்கம் தாத்தா ஒரு ஞாயிற்றுக்கிழமை பீரோவைத் திறந்தார். பஞ்சாங்கம் பார்க்கும் பூதக்கண்ணாடியை எடுத்தார். மவுத் ஆர்கன் மேல் இருந்த கையெழுத்தையும், பெட்டியோடு வந்த சீட்டில் இருந்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

ஒரு கோடு மாறவில்லை!

அமெரிக்காவுக்கு அவரே போன் போட்டார். "டேய், இது மிஷின் கையெழுத்துடா. லட்சம் எல்லாம் கிடைக்காது. பையன் ஊதட்டும்."

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. பிறகு மகன் சொன்னார்: "முதல்ல நீங்க ஊதுங்கப்பா. நான் சின்னப் பையனா இருந்தப்போ உங்க உடைஞ்ச மவுத் ஆர்கனைத்தான் பார்த்திருக்கேன். நீங்க வாசிச்சு நான் கேட்டதே இல்லை."

தாத்தா வாய் கொப்பளித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. நாலாவது ஓட்டையில் ஆரம்பித்து ஏழாவது வரை ஸரிகமபதநி வந்தது. அதற்குள் மூச்சு வாங்கியது. பேரனிடம் கொடுத்துவிட்டார்.

இப்போது பேரனுக்குத் தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குப் பாடம். பீரோவில் காலிப் பெட்டி மட்டும் பத்திரமாக இருக்கிறது.