ஜரிகை மட்டும் போதுமா?

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து செண்பகத்தோப்புக்குப் போகும் சாலை, மலையடிவாரத்தை நெருங்க நெருங்க அழகாகிக்கொண்டே போகும். 1988-ல் ஏற்பட்ட சாம்பல் நிற மலை அணில் சரணாலயம் அங்கேதான் இருக்கிறது. சென்ற ஐப்பசியில் என் தம்பி வாங்கிய புது மின்சாரக் காரில் போனோம். விலையா? கேட்காதீர்கள், ஒரு வீடே கட்டிவிடலாம்!

முகப்பு முழுவதும் கண்ணாடித் திரை. பாட்டு, படம், முதுகு பிடித்துவிடும் இருக்கை! "வீட்டுக்கே போக வேண்டாம், மாமா!" என்றன குழந்தைகள்.

திடீரென்று மழை. முன்கண்ணாடியில் ஆவி படர்ந்தது. அதை நீக்கும் விசையைத் தம்பி திரையில் தேடினான். ஒன்றைத் தொட்டால் இன்னொன்று வந்தது. நிமிர்ந்தால், எதிரே ஆட்டு மந்தை!

நல்ல வேளை, பிரேக் கைவிடவில்லை. பாட்டரியின் கனம் அடித்தட்டில் இருப்பதால் வண்டி ஆட்டம் காணாமல் நின்றது. எங்களைக் காப்பாற்றியது திரை அல்ல, வண்டி!

2022-ல் ஸ்வீடன் நாட்டுப் பத்திரிகை ஒன்று, மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் இதைச் சோதித்தது. பொத்தான்கள் உள்ள 2005-ம் வருஷத்து வால்வோவில் நான்கு வேலைகள் 10 விநாடியில் முடிந்தன. திரை வைத்த புது வண்டி ஒன்றில் ஏறக்குறைய 45 விநாடி! அதற்குள் வண்டி 1,300 மீட்டருக்கு மேல் ஓடிவிட்டது.

ஆகவே, சகோதரிகளே, கார் பார்க்கப் போனால் திரையில் மயங்காதீர்கள். மேடு பள்ளத்தில் ஓட்டச் சொல்லுங்கள். பின்னிருக்கையில் அமர்ந்து பாருங்கள். கண் சாலையில் இருக்க, கை விசையைக் கண்டுபிடிக்கிறதா என்று கவனியுங்கள்.

பட்டுப் புடவை வாங்கும்போது ஜரிகையோடு நின்றுவிடுகிறோமா? நூலையும் தடவிப் பார்க்கிறோம் அல்லவா?