சிகாகோ மறவாத 14ஆம் எண்

ஆடுகளத்தை விட்டு விலகி 40 ஆண்டுகள் கடந்துவிட்ட ஒரு வீரர் மறையும்போது ஒரு பெருநகரமே துக்கம் காப்பதை, அவர் குவித்த சாதனைகளைக் கொண்டு மட்டும் விளக்கிவிட முடியாது. அவர் ஆடிய காலத்தில் ரசிகர்கள் எப்படி வாழ்ந்தார்கள், அந்த அன்றாட வாழ்வில் அவருடைய ஆட்டம் எங்கே இடம்பெற்றிருந்தது என்பவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 14ஆம் எண் சட்டை அணிந்து ஆடி, 2015 ஜனவரி 23 அன்று 83 வயதில் காலமான பேஸ்பால் வீரர் எர்னி பேங்க்ஸுக்கு அமெரிக்காவின் சிகாகோ நகர மக்கள் செலுத்திய அஞ்சலி இதற்குத் தக்க சான்று. 1953 முதல் 1971 வரை அவர் ஆடிய சிகாகோ கப்ஸ் அணி அந்த 19 பருவங்களில் ஒருமுறைகூடப் பட்டம் வென்றதில்லை. ஆகவே, வெற்றிதான் ரசிகர்களின் பற்றை வளர்க்கிறது என்ற பரவலான எண்ணம் அவர் விஷயத்தில் பொருந்தவில்லை.

பேஸ்பாலில் மட்டையாளர் அடித்த பந்து எல்லைவேலியைத் தாண்டிப் போனால், அவர் நான்கு தளங்களையும் தடையின்றிச் சுற்றிவந்து ஓட்டம் சேர்க்கலாம். ஹோம் ரன் எனப்படும் இந்த அடி கிரிக்கெட்டின் சிக்சரை ஒத்தது என்றாலும் அதைவிட மிக அரிதாகவே கிட்டும். பேங்க்ஸ் தம் ஆட்டவாழ்வின் முற்பகுதியில் ஷார்ட்ஸ்டாப் என்னும் இடத்தில் நின்றார். இரண்டாம் தளத்துக்கும் மூன்றாம் தளத்துக்கும் இடையே நின்று, விரைந்து உருண்டுவரும் பந்தைப் பிடித்து முதல் தளத்துக்கு எறிய வேண்டிய அந்த இடத்துக்குச் சுறுசுறுப்பானவர்களையே அணிகள் தேடினவே தவிர, அவர்களிடமிருந்து வலுவான அடிகளை அக்காலத்தில் பெரிதாக எதிர்பார்க்கவில்லை. ஒல்லியான உடல்வாகு கொண்ட பேங்க்ஸோ மணிக்கட்டின் விசையாலேயே 1958இல் 47, 1959இல் 45 ஹோம் ரன்களை அடித்து, நேஷனல் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதை அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் பெற்ற முதல் வீரரானார். அந்த இரண்டு ஆண்டுகளிலும் அவருடைய அணி வென்ற ஆட்டங்களைவிடத் தோற்ற ஆட்டங்களே அதிகம் என்பது, அவர் தனியாளாகச் சுமந்த பாரத்தைக் காட்டும். பின்னாளில் முதல் தளத்துக்கு மாறி, மொத்தம் 512 ஹோம் ரன்களுடன் ஓய்வுபெற்றார்.

1969இல் கப்ஸ் அணி பருவத்தின் பெரும்பகுதியில் முன்னணியில் இருந்தும் செப்டம்பரில் சரிந்து, நியூயார்க் மெட்ஸ் அணியிடம் முதலிடத்தைப் பறிகொடுத்தது. பேங்க்ஸ் ஆடியவை 2,528 ஆட்டங்கள்; முன்னணி அணிகள் மட்டும் மோதும் இறுதிக்கட்டச் சுற்றில் அவர் ஓர் ஆட்டம்கூட ஆடியதில்லை.

இவ்வளவு தோல்விக்கு நடுவிலும் அவர் மீது வளர்ந்த அன்பைப் புரிந்துகொள்ள, கப்ஸ் அணியின் சொந்த மைதானமான ரிக்லி ஃபீல்டைப் பற்றிச் சிறிது அறிய வேண்டும். மற்ற அணிகள் மின்விளக்கொளியில் இரவு ஆட்டங்களுக்கு மாறிவிட்ட பிறகும், 1914இல் திறக்கப்பட்ட அந்த மைதானத்தில் 1988 ஆகஸ்ட் வரை விளக்குகளே இல்லை. அதனால் பேங்க்ஸ் அங்கே ஆடிய ஒவ்வோர் ஆட்டமும் பகலொளியில் நடந்தது. பள்ளி விட்டு வீடு திரும்பிய பிள்ளைகள் தொலைக்காட்சியில் ஆட்டத்தின் கடைசிப் பகுதியைப் பார்க்க முடிந்தது. கோடை விடுமுறையில் கூரையில்லாத மலிவான பலகை இருக்கைகளில் அமர்ந்து நேரிலும் பார்க்க முடிந்தது. இவ்வளவு அழகான நாளில் ஓர் ஆட்டம் போதாது, இரண்டு ஆடலாம் என்று பேங்க்ஸ் சொல்லிவந்தது நகரமெங்கும் பரவியது. தோற்றுக்கொண்டே இருந்த அணியின் முதன்மை வீரர் மறுநாளும் அதே உற்சாகத்தோடு வந்து நின்றதைத்தான் அந்தப் பிள்ளைகள் நெஞ்சில் பதித்துக்கொண்டார்கள் எனலாம்.

அந்த மலர்ச்சிக்குப் பின்னால் ஒரு கடினமான பாதை இருந்தது. 1931இல் டல்லஸ் நகரில் பிறந்த பேங்க்ஸ், கறுப்பினத்தவருக்கென ஒதுக்கப்பட்ட லீகில் கேன்சஸ் சிட்டி மோனார்க்ஸ் அணிக்கு ஆடியவர்; 1953 செப்டம்பரில் கப்ஸ் அணிக்கு ஆடிய முதல் கறுப்பின வீரரானார். இன ஒதுக்கல் நிலவிய நகரில், வெள்ளையர் பெரும்பான்மையாக வாழ்ந்த வடபகுதியின் அணிக்கு அவர் முகமாக விளங்கினார். உரிமைப் போராட்டம் கொதித்த ஆண்டுகளில் அவர் உரக்கப் பேசவில்லை என்ற குறை அப்போதே எழுந்தது. அக்குறையை ஒதுக்கிவிட முடியாது; ஆயினும், நாள்தோறும் பல்லாயிரம் பேர் முன் இன்முகம் காட்டி நிற்க அவருக்கு எவ்வளவு மனவலிமை வேண்டியிருந்திருக்கும் என்பதையும் ரசிகர்களின் நினைவுகூரல் கணக்கில் கொள்ள வேண்டும்; அது பெரும்பாலும் புன்னகையோடு நின்றுவிடுகிறது.

அவர் மறைந்தபோது, மைதானத்துக்கு வெளியே 2008இல் நிறுவப்பட்ட அவருடைய சிலை, சீரமைப்புப் பணிக்காக அகற்றப்பட்டிருந்தது. சிலையைக் காண ரசிகர்கள் தேடிவருவார்கள் என்பதை உணர்ந்து, நகரின் மையத்திலுள்ள டேலி சதுக்கத்துக்கு அதைக் கொண்டுவந்து வைத்தார்கள். கடுங்குளிரிலும் மக்கள் அங்கே வந்தவண்ணம் இருந்தார்கள். அவருடைய 84ஆம் பிறந்தநாளாக அமைந்திருக்க வேண்டிய ஜனவரி 31 அன்று நான்காம் பிரெஸ்பிடீரியன் தேவாலயத்தில் இறுதிச் சடங்கு நடந்தது. அதன்பின் அவருடைய உடலைத் தாங்கிய ஊர்வலம் அச்சதுக்கத்தின் வழியாக ரிக்லி ஃபீல்டை அடைந்தது. வந்தவர்களில் இளையோர் பலர் அவர் ஓய்வுபெற்ற பிறகு பிறந்தவர்கள். அவர்களுக்குப் பேங்க்ஸ் தந்தையோ பாட்டியோ சொல்லித் தெரிந்தவர்.

2016 நவம்பரில் கப்ஸ் அணி 108 ஆண்டுகளுக்குப் பின் வேர்ல்ட் சீரீஸ் எனப்படும் இறுதித் தொடரை வென்றபோது இந்தத் தலைமுறைத் தொடர்பு கண்கூடாகத் தெரிந்தது. அந்நாளைக் காணாமலே மறைந்துவிட்ட பெற்றோர், தாத்தா பாட்டிகளின் பெயர்களை ரசிகர்கள் ரிக்லி ஃபீல்டின் வெளிப்புறச் செங்கல் சுவர்களில் வண்ணச் சாக்கட்டிகளால் எழுதினார்கள். கைக்கெட்டும் இடமெல்லாம் நிறைந்தபின், மேலே எழுத ஒருவரை ஒருவர் தோளில் ஏற்றிக்கொண்டார்கள்.