உவர்நீர்ப் பாசனத்தில் அழகுத் தாவரங்கள்: சென்னைக் கடற்கரைத் தோட்டங்களை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

கடலோரத் தோட்டங்களில் உவர்நீரால் செடிகள் நலிவுறும்போது ஜிப்சம், உரம் முதலியவற்றை இடுவதே பரவலான வழக்கமாக உள்ளது. வேர்ப்பகுதியில் தங்கும் உப்பை வெளியேற்றுவதே முதன்மைத் தீர்வு என்பதையும், இடுபொருள்களின் பயன் நீரின் தன்மையைப் பொறுத்தது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: உவர்நீர், மின்கடத்துதிறன், உப்பு வடித்தல், ஜிப்சம், அழகுத் தாவரங்கள்.

1. முன்னுரை

திருவான்மியூர் முதல் முட்டுக்காடு வரையிலான மணற்பரப்பின் அடியில் உள்ள நன்னீர், அடர்த்தி மிகுந்த கடல்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்திற்கு மேல் 1 மீட்டர் உயரம் நிற்கும் நன்னீர், கடல்மட்டத்திற்குக் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம் வரை உவர்நீரைத் தடுத்து நிறுத்தும் என்பது நிலத்தடி நீரியலின் அடிப்படைக் கணக்கு. எனவே, மிகையாக நீர் இறைக்கப்படுவதால் நீர்மட்டம் சிறிதளவு தாழ்ந்தாலும் உவர்நீர் பேரளவில் மேலெழக்கூடும். அவ்வாறு உவர்த்த கிணற்று நீரே பல தோட்டங்களுக்குப் பாய்கிறது.

2. உவர்ப்பின் இருவகைத் தாக்கம்

முதலாவது தாக்கம் நீர்த்தட்டுப்பாடு. மண்ணீரில் உப்பு மிகும்போது வேர் நீரை உறிஞ்சுவது கடினமாகிறது. ஈரம் இருந்தும் செடி வாடுகிறது. மண்ணீர் ஆவியாகிப் பாதியாகக் குறையும்போது, கரைந்த உப்பின் செறிவு ஏறத்தாழ இருமடங்காகிறது. ஆகவே, உவர்நீர் பாயும் மண்ணை நெடுநாள் காயவிடுதல் தீங்கு பயக்கும்.

இரண்டாவது தாக்கம் நச்சுத்தன்மை. சோடியமும் குளோரைடும் நீரோட்டத்துடன் மேலேறி இலைகளில் தங்குகின்றன. நீர் ஆவியாக வெளியேற, உப்பு மட்டும் எஞ்சுகிறது. முதிர்ந்த இலைகளின் நுனியும் விளிம்பும் முதலில் கருகுவது இதனாலேயே. இலைமேல் தெளிக்கப்படும் உவர்நீர் நேரடியாகவும் உட்புகுவதால், நீரைச் செடியின் அடியில் ஊற்றுவதே தகும்.

3. உப்பு வடித்தல்

நீரின் உவர்ப்பு, மின்கடத்துதிறனால் அளக்கப்படுகிறது. உலக உணவு வேளாண்மை நிறுவனத்தின் வழிகாட்டுதல்படி, மீட்டருக்கு 0.7 டெசிசீமன்ஸுக்குக் குறைந்த நீருக்குக் கட்டுப்பாடு தேவையில்லை, 3.0-ஐக் கடந்த நீருக்குக் கடுமையான கட்டுப்பாடு தேவை.

செடி நீரை மட்டுமே பெரிதும் உறிஞ்சுவதால் உப்பு மண்ணிலேயே சேர்கிறது. தேவைக்கு மேல் ஒரு பங்கு நீரை ஊற்றி அவ்வுப்பை வேருக்குக் கீழே இறக்குவதே வடித்தல். பாசனநீரின் மின்கடத்துதிறனை, செடி தாங்கும் மண் உவர்ப்பின் ஐந்து மடங்கிலிருந்து பாசனநீரின் மின்கடத்துதிறனைக் கழித்து வரும் எண்ணால் வகுத்தால், வடிய வேண்டிய பங்கு கிடைக்கும். சான்றாக, நீரின் அளவும் செடியின் தாங்கும் எல்லையும் 2 எனில், 2-ஐ 8-ஆல் வகுக்க 0.25 வரும். அதாவது, 6 லிட்டர் பருகும் செடிக்கு 8 லிட்டர் ஊற்ற வேண்டும். 2 லிட்டர் வடிந்து வெளியேற வேண்டும்.

வடிகால் இல்லாத இடத்தில் இக்கணக்கு பயன்தராது. களிமண் நிலத்தில் மேட்டுப்பாத்தி தேவை. தொட்டிச் செடியாயின் அடித்துளை அடைபடாதிருக்க வேண்டும். தட்டில் வடிந்த நீரை அகற்ற வேண்டும், இன்றேல் வெளியேறிய உப்பு மீண்டும் மேலேறும். வடகிழக்குப் பருவமழை இயற்கையாகவே உப்பைக் கழுவுகிறது. மழைநீரைச் சேமித்துக் கோடையில் கிணற்று நீருடன் கலந்து பாய்ச்சுவது அப்பயனை நீட்டிக்கும்.

4. இடுபொருள்களின் எல்லை

தமிழ் வேளாண் வழக்கு உவர் நிலத்தையும் களர் நிலத்தையும் வேறுபடுத்துகிறது. கரையும் உப்பு மிகுந்தது உவர். களித்துகள்களில் சோடியம் பற்றி இறுகியது களர். ஜிப்சத்தின் கால்சியம் அச்சோடியத்தை விடுவிப்பதால் அது களருக்கு மருந்தாகிறது. விடுபட்ட சோடியம் வெளியேறவும் வடித்தல் வேண்டும். உவர்ப்பு மட்டுமே உள்ள மண்ணில் ஜிப்சம் மேலும் ஓர் உப்பாகவே சேரும். எனவே, நீர்ப் பரிசோதனையில் சோடியத்திற்கும் கால்சியம், மக்னீசியத்திற்கும் உள்ள விகிதத்தை அறிந்த பின்னரே அதனை இடுதல் முறை.

இரசாயன உரங்களும் உப்புகளே. வாடிய செடிக்கு அவற்றை மிகுதியாக இடுவது வாட்டத்தைக் கூட்டும். சாம்பல்சத்துக்குப் பொட்டாசியம் குளோரைடைத் தவிர்த்துப் பொட்டாசியம் சல்பேட்டைத் தேர்வது குளோரைடுச் சுமையைக் குறைக்கும். மூடாக்கு இடுவதால் ஆவியாதல் குறைந்து, உப்பு மேற்பரப்பிற்கு ஏறுவதும் குறைகிறது. சவ்வூடு வடிகட்டிக் கருவியின் கழிவுநீரிலும் கவனம் தேவை: உட்செல்லும் நீரில் பாதி தூய்மையானால், எஞ்சிய பாதியில் உப்பு ஏறத்தாழ இருமடங்காக இருக்கும்.

5. தாவரத் தேர்வு

காகிதப்பூ, அரளி ஆகியன உவர்ப்பை நன்கு தாங்குவன. பூவரசு, புன்னை, தாழை, அடம்பு ஆகியன கடற்கரைக்கே உரியன. ரோசா எளிதில் பாதிப்புறுவது; அதிலும் ஒட்டுச்செடியின் வேர்ச்செடி வகைக்கேற்பத் தாங்குதிறன் வேறுபடுகிறது. நாற்றங்காலின் நன்னீரில் வளர்ந்த செடியைத் திடீரென உவர்நீருக்கு மாற்றாமல், கலப்பு விகிதத்தைப் படிப்படியாக உயர்த்துவது அது தன்னைத் தகவமைத்துக்கொள்ள உதவும்.

6. முடிவுரை

செடியின் தாங்குதிறன் அதன் மரபியல்பில் மட்டும் அமைவதன்று. வேரைச் சூழ்ந்த மண்ணில் எவ்வளவு உப்பு தங்குகிறது என்பதிலும் அமைகிறது. ஆகவே நீரை அளத்தல், வடிகால் அமைத்தல், உப்பை வடித்தல், தேவையறிந்து இடுபொருள் இடுதல் என்னும் வரிசை பேணப்பட வேண்டும். வரிசை மாறினால், செலவிட்ட உரமே செடிக்குச் சுமையாகும். நீரின் உவர்ப்பு மிகவும் உயருமிடத்து, வடித்தலுக்கான கூடுதல் நீரை இறைப்பதே கடல்நீரை மேலும் உள்ளிழுக்கும். அங்கு நெய்தல் நிலத்துத் தாவரங்களுக்கு மாறுவதே தோட்டத்திற்கும் கிணற்றுக்கும் நலம் பயக்கும்.