அவையறிதலும் அவையஞ்சாமையும்

திருவனந்தபுரத்தில் வெள்ளயம்பலத்துக்கு அருகே மானவீயம் வீதி என்று ஒரு சிறிய சாலை இருக்கிறது. முதிர்ந்த மரங்கள் இரு மருங்கிலும் கவிந்து நிற்க, கவிஞர் வயலார் ராமவர்மாவின் சிலையும் இடம் பெற்றுள்ள அந்தச் சாலையை, 2001-ஆம் ஆண்டு முதற்கொண்டு கலைஞர்களும் மாணவர்களும் தங்கள் பொது முற்றமாக ஆக்கிக்கொண்டு, நாடகம் போடவும், பாட்டுப் பாடவும், சித்திரம் தீட்டவும், கவிதை சொல்லவும் பயன்படுத்தி வருகிறார்கள். சொல்ல விரும்புகிறவர் எழுந்து நின்று சொல்கிறார். கேட்க விரும்புகிறவர் நின்று கேட்கிறார். பிடிக்காதவர் நடந்து போய்விடுகிறார். கவிதைக்கும் ஜனங்களுக்கும் நடுவே இவ்வளவு குறைந்த தூரமே இருப்பதைக் காணும்போதெல்லாம், தலைமையுரையும் பொன்னாடையும் நன்றியுரையுமாக நடந்து முடிகின்ற நம்முடைய கவியரங்கங்கள் எதையோ வழியில் தவறவிட்டு வந்துவிட்டன என்ற எண்ணம் எனக்கு உண்டாகிறது.

சொந்தக் கவிதையைப் பலர் முன்னிலையில் சொல்லி, கேட்க வந்தவர்களையே நீதிபதிகளாக்கும் வழக்கத்துக்கு இக்காலத்து இளைஞர்கள் 'போயட்ரி ஸ்லாம்' என்று பெயர் சொல்கிறார்கள். அமெரிக்காவிலுள்ள சிகாகோ நகரத்தில், கட்டட வேலை செய்து ஜீவனம் நடத்திய மார்க் ஸ்மித் என்ற கவிஞர், பல்கலைக்கழகத்துக் கவிதை வாசிப்புகள் உயிரற்றுப் போய்விட்டன என்று மனம் சலித்து, 1986-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் 'கிரீன் மில்' என்ற ஜாஸ் இசை விடுதியில் இதைத் தொடங்கினார். நான்கே ஆண்டுகளில், 1990-இல், ஸான் பிரான்ஸிஸ்கோவில் தேசியப் போட்டியாகவே அது நடந்தது. விதிகள் எளியவை. ஒருவருக்கு மூன்று நிமிஷம். கவிதை அவர் தாமே எழுதியதாக இருக்க வேண்டும். வாத்தியமும் வேஷமும் கூடா. கூட்டத்திலிருந்து யதேச்சையாகத் தேர்ந்த ஐந்து பேர் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட, அவற்றுள் மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் நீக்கி, எஞ்சிய மூன்றைக் கூட்டிக்கொள்கிறார்கள். போட்டிக்கு முன்னால், போட்டியில் சேராத ஒருவர் ஒரு கவிதையைச் சொல்வதும் உண்டு. நீதிபதிகள் தங்கள் தராசைச் சரிபார்த்துக்கொள்வதற்காக அந்த ஏற்பாடு. இலக்கணம் கற்ற பண்டிதர் அந்த ஐவருள் ஒருவராக இருக்க வேண்டும் என்பது விதியன்று. அன்றைக்கு மழைக்கு ஒதுங்கி உள்ளே வந்தவராகவும் இருக்கலாம். இந்தக் கடைசி அம்சத்தில்தான் அதன் விசேஷமெல்லாம் அடங்கியிருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

மேல்நாட்டுச் சரக்கு என்று இதை ஒதுக்குவாரும் உண்டு, புதுமை என்று கொண்டாடுவாரும் உண்டு. கேரள தேசத்துக்கு இரண்டுமே பொருந்தா. அங்கே அக்ஷரச்லோகம் என்ற வித்தை நெடுங்காலமாக வீட்டுத் திண்ணைகளிலும் கோயில் முற்றங்களிலும் வாழ்ந்து வந்திருக்கிறது. வட்டமாக உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவர் ஒரு சுலோகத்தைச் சொல்ல, அதன் மூன்றாம் அடி எந்த எழுத்தில் தொடங்குகிறதோ அந்த எழுத்தை முதலாகக் கொண்ட வேறொரு சுலோகத்தை அடுத்தவர் சொல்ல வேண்டும். ஒரு முறை சபையில் ஒலித்த சுலோகம் மறுமுறை வரக்கூடாது. அனுஷ்டுப்பு என்ற எளிய விருத்தத்துக்கு இடமில்லை. எழுத்துக்கு உரிய சுலோகம் நினைவில் எழாதவர் போட்டியிலிருந்து விலகிவிடுவார். ஒரு செய்யுளின் முடிவு அடுத்ததன் தொடக்கமாவதை அந்தாதி என்று நூலில் வைத்துப் போற்றிய நமக்கு இந்த விளையாட்டின் சுவையை விளக்க வேண்டியதில்லை. ஒரு நாழிகை நேரம் அந்த வட்டத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தால் போதும். முன்பின் அறியாத பாஷையில்கூட விருத்தங்களின் நடை காதில் தங்கிவிடுகிறது.

1957-ஆம் ஆண்டில் எர்ணாகுளத்தில் சிறிய அளவில் தொடங்கி, இன்று பல்லாயிரம் மாணவர் கூடும் மகா உற்சவமாக வளர்ந்துவிட்ட கேரளப் பள்ளிக் கலோத்ஸவத்தில், நடனத்துக்கும் சங்கீதத்துக்கும் இணையாக அக்ஷரச்லோகமும், பத்யம் சொல்லுதலும், கவிதை எழுதுதலும் போட்டிகளாக இருக்கின்றன. 2025-ஆம் ஆண்டு ஜனவரியில் அந்த உற்சவம் திருவனந்தபுரத்திலேயே நடைபெற்றது. அதில் தமிழ்ப் பத்யம் சொல்வதற்கும் ஓர் இடம் உண்டு என்பதை நம்மவரில் பலர் அறியார்.

தமிழ் மரபிலும் அவையின் முன் நிற்காத கவிதைக்கு மதிப்பிருந்ததில்லை. நூல் இயற்றியவன் அதை அரங்கேற்றியாக வேண்டும் என்பதும், அவையடக்கம் பாடிய பிறகே காவியத்துக்குள் புக வேண்டும் என்பதும் நம் முன்னோர் வகுத்த சம்பிரதாயம். தொல்காப்பியத்தைக் கேட்டு ஆராய்ந்தவர் என்று பாயிரம் கூறும் அதங்கோட்டாசானின் ஊரை, பழைய திருவிதாங்கூர் எல்லைக்குள் இருந்த அதங்கோடு என்று கொள்ளும் வழக்கு ஒன்று உண்டு. அதை நிச்சயிக்கும் பொறுப்பை ஆராய்ச்சியாளருக்கு விட்டுவிடலாம். ஆனால் அதே திருவிதாங்கூரில், நாகர்கோவிலை அடுத்த இடலாக்குடியில் 1874-இல் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர், 1907-ஆம் ஆண்டு மார்ச்சு 10-ஆம் நாள் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் நிகழ்த்தியது நிச்சயமான சரித்திரம். பலர் பல திசையிலிருந்து வினாக்களைத் தொடுக்க, ஒருவர் ஈற்றடி கொடுத்து வெண்பா கேட்க, இன்னொருவர் கணக்குப் போட, நினைவும் கற்பனையும் சற்றும் பிசகாமல் அத்தனைக்கும் விடை தந்த அந்தப் பெரியாருடைய சபையை நினைத்துப் பார்த்தால், மூன்று நிமிஷக் கவிதைக்கு நடுங்கும் இளைஞனுக்குக் கொஞ்சம் தைரியம் பிறக்கும்.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மலையாளக் கவிதை மறுபடியும் குரலைக் கண்டெடுத்த கதையில் திருவனந்தபுரத்துக்குப் பெரும் பங்கு உண்டு. கேரளப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் போதித்த அய்யப்பப் பணிக்கர், 'குருக்ஷேத்திரம்' என்ற நெடுங்கவிதையால் 1960-இல் புதிய யுகத்தைத் தொடங்கி வைத்தவர். 'கேரள கவிதா' என்ற பத்திரிகையை நடத்திப் புதிய கவிஞர்களைக் கூட்டிச் சேர்த்தவரும் அவரே. தபால் தணிக்கை அலுவலகத்தில் உத்தியோகம் பார்த்துக்கொண்டு இந்நகரத்தில் வாழ்ந்த கடம்மனிட்ட ராமகிருஷ்ணனோ, படையணி என்ற கோயில் ஆட்டத்தின் கலைஞரான தம் தந்தையாரிடமிருந்து பெற்ற தாளத்தையும் ஆவேசத்தையும் கவிதைக்குள் கொண்டு வந்து, ஊர் ஊராகச் சென்று, அச்சில் படித்தறியாத தொழிலாளரும் விவசாயிகளும் திரண்டு கேட்கும்படி சொன்னார். பின்னர் வி. மதுசூதனன் நாயரின் 'நாறாணத்து பிராந்தன்' என்ற கவிதை ஒலிநாடாவாக வீடுதோறும் ஒலித்தது.

இந்தக் குரலுக்கு ஒரு காடும் கடமைப்பட்டிருக்கிறது. பாலக்காட்டு மலைகளில் குந்தி ஆற்றை மறித்து மின்சார அணை கட்டினால் சைலண்ட் வேலி என்ற பழங்காடு மூழ்கிப்போகும் என்று தெரிந்தபோது, திருவனந்தபுரத்தில் வாழ்ந்த கவிஞர் சுகதகுமாரி முன்னின்று எழுத்தாளர்களைத் திரட்டினார். மரத்தைப் பாடிய கவிதைகள் கூட்டங்களில் ஒலித்தன. விஞ்ஞானிகளின் அறிக்கைகளைப் படித்திராதவர்கள் அவற்றைக் கேட்டு மனம் மாறினார்கள். சாஸ்திர சாகித்திய பரிஷத் என்ற அறிவியல் இயக்கத்தின் உழைப்பும் விஞ்ஞானிகளின் வாதமும் இல்லாமல் கவிதை மட்டும் அந்தக் காட்டைக் காத்துவிட்டது என்று சொன்னால் அது மிகை. ஆயினும் 1984-இல் அந்தக் காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டபோது, அந்த வெற்றியில் கவிஞர்களுக்கும் ஒரு பங்கு இருந்ததை யாரும் மறுக்கவில்லை.

குரலுக்கு இவ்வளவு புகழ் பாடிய நான் அதன் குற்றத்தையும் சொல்லியாக வேண்டும். இனிய கண்டம் வாய்த்தவர் சாதாரணமான வரியையும் ராகத்தில் தோய்த்துக் கேட்பவரை மயக்கிவிடுவார். சபை கலைந்த பிறகு காகிதத்தில் பார்த்தால் அங்கே ஒன்றும் இருக்காது. 'கவிதையைச் சொல்வதா, வாசிப்பதா?' என்ற விவாதம் மலையாளத்தில் பல காலம் நடந்ததற்கு இதுவே காரணம். ஸ்லாம் மேடையிலும் இதே அபாயம் வேறு உருவில் வருகிறது. மதிப்பெண்ணை நாடும் இளைஞர், கூட்டத்தின் கண்ணீரையும் கரகோஷத்தையும் சுலபமாகப் பெற்றுத் தரும் விஷயங்களையே மீண்டும் மீண்டும் எடுத்துக்கொண்டு, குரலை உயர்த்தி, ஒருவரைப்போல் ஒருவர் சொல்லப் பழகிவிடுகிறார்கள். எனக்குப் பிடித்த மேடைக் கவிதைகள் பெரும்பாலும் தோற்றுப்போனவையே. அவற்றைச் சொன்னவர்கள் தணிந்த குரலில் சொன்னார்கள். வீட்டுக்குத் திரும்பிய பின்னும் அவை காதில் இருந்தன.

மேடைக்கு முன்பாகப் பட்டறை வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். பட்டறை என்பது கொல்லனுக்கும் நெசவாளிக்கும் உரிய சொல்; இரும்பு சூடாக இருக்கும்போது அடிக்கவும், இழை அறுந்தால் முடியவும் கற்றுக்கொள்ளும் இடம். 1936 முதல் அமெரிக்காவின் அயோவாப் பல்கலைக்கழகம் எழுத்தாளர் பட்டறையை ஒரு பாடத்திட்டமாகவே நடத்தி வருகிறது. எழுதியவர் வாய்மூடி இருக்க, சகமாணவர்கள் அவர் எழுத்தை அவர் எதிரிலேயே அலசுவது அங்கே பரவிய முறை. தம் கவிதையைப் பற்றி விளக்கம் சொல்லாமல் அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பது எவ்வளவு கடினமான தவம் என்பது அதைச் செய்து பார்த்தவருக்கே தெரியும். கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் பழம்புலவர்கள் விளையாடிய சமஸ்யாபூரணமும், அதாவது ஓர் அடியைக் கொடுத்து மற்ற அடிகளை நிரப்பச் சொல்வதும், ஒரு பட்டறைப் பயிற்சிதானே? 1904-இல் தோன்றிய 'கவனகௌமுதி' என்ற மலையாளப் பத்திரிகை விளம்பரத்தைக்கூடச் செய்யுளிலேயே வெளியிட்டது. இத்தகைய அப்பியாசங்களைப் பழமை என்று தள்ளிவிட்டு, பயிற்சியே இல்லாமல் கவிதை பிறக்கும் என்று நம்பியது நாம் செய்த பிழை.

பட்டறைக்குப் பெயர்ப்பலகை அவசியமில்லை என்பதற்குத் திருவனந்தபுரத்துத் தமிழரே சாட்சி. மார் இவானியோஸ் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்த டி.கே. துரைசாமி என்ற நகுலன், கவடியாரில் கோல்ஃப் லிங்க்ஸ் சாலை வீட்டில் தனியராய் வாழ்ந்தபடி, தம்மைத் தேடி வந்த இளம் எழுத்தாளரோடு பேசிப் பேசியே ஒரு தலைமுறையின் ரஸனையைச் செப்பம் செய்தார். 1968-இல் அவர் தொகுத்த நூலுக்கும் 'குருக்ஷேத்திரம்' என்றே பெயர். சாலைக் கடைத்தெருவில் வியாபாரத்தின் நடுவிலேயே கதை எழுதிய ஆ. மாதவனும், மின்சார வாரியத்தில் பொறியாளராக இருந்துகொண்டு 'தலைமுறைகள்' நாவலைத் தந்த நீல. பத்மநாபனும் அந்தக் காலத்து நண்பர் வட்டத்தில் இருந்தவர்கள். இன்று தமிழ்நாட்டில் எந்த அரசு விழா தொடங்கினாலும் முதலில் ஒலிக்கும் தமிழ்த்தாய் வாழ்த்து, திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் தத்துவம் போதித்த சுந்தரம் பிள்ளை 1891-இல் வெளியிட்ட 'மனோன்மணீய'த்திலிருந்து எடுக்கப்பட்டது. தமிழகத்து அவைகளுக்கே முதற்பாட்டைக் கொடுத்த ஊர் அது.

அந்த ஊரில் இன்றைக்குத் தமிழ்க் குழந்தைகளின் நிலை என்ன? சாலையிலும் கரமனையிலும் கோட்டைக்குள்ளும் வாழும் குடும்பங்களில் அடுக்களைத் தமிழ் உயிரோடு இருக்கிறது. பாட்டியோடு சண்டையிடுவதும் தமிழில்தான். ஆனால் பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் படிக்கும் அந்தக் குழந்தைக்கு 'அ'கரத்தை அடையாளம் காணத் தெரிவதில்லை. எழுதத் தெரியாத மொழியில் கவிதை ஏது என்று பெற்றோர் கேட்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்லும் விடை, இக்கட்டுரை முழுவதும் சொல்லி வந்ததுதான். எழுதத் தெரியாத ஒருவரிடம் பத்திரிகை ஒன்றையும் எதிர்பார்க்க முடியாது, மேடை எதிர்பார்க்கலாம். வாயில் மொழி உள்ள குழந்தை எழுத்தில்லாமலே ஒரு கவிதையைக் கட்டலாம், எழுந்து நின்று சொல்லலாம், ஐந்து பேரிடம் மதிப்பெண் வாங்கலாம். சொன்னதை மறக்காமல் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற ஆசை வந்தால், எழுத்தை அது தானே கேட்டுப் படிக்கும். முதலில் அவையஞ்சாமை, பிறகு, பட்டறையில் மற்றவர் சொல்வதைப் பொறுமையாகக் கேட்டு, அவையறிதல். வள்ளுவர் வைத்த வரிசையை நான் இங்கே மாற்றுவதை அவர் பொறுத்துக்கொள்வார் என்று நம்புகிறேன்.

திருவனந்தபுரத்துத் தமிழ்ச் சங்கத்தாரையும், பல்கலைக்கழகத் தமிழ்த்துறையினரையும், பேட்டைதோறும் உள்ள நூலகங்களின் பொறுப்பாளரையும் நான் கேட்டுக்கொள்வது இவ்வளவே: மாதத்தில் ஒரு மாலை, ஓர் அறை, இருபது நாற்காலி. முதல் ஒரு மணி நேரம் பட்டறை. ஓர் அடியைக் கொடுத்து மற்ற அடிகளைச் சொல்லச் செய்யுங்கள். அடுத்த ஒரு மணி நேரம் மேடை; ஒருவருக்கு மூன்று நிமிஷம். மலையாளத்தில் சொல்ல வருகிறவரையும் உட்கார வைத்துக் கேளுங்கள். தலைமையுரை வேண்டாம், பொன்னாடை வேண்டாம். முதல் கவிதையைச் சொல்ல, தமிழ் எழுதத் தெரியாத ஒரு குழந்தையைக் கைப்பிடித்து அழைத்து வாருங்கள்.